எதிராளி இல்லாத சுவடு: சிலம்பப் பயிற்சி பற்றி ஒரு விமர்சனம்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. சிலம்பத்தில் எதிரே ஆள் இல்லாமல், தனியாக, ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்பச் செய்கிற பயிற்சி ஒன்று உண்டு. சுவடு, வரிசை, பாடம் என்று இடத்துக்கு இடம், வாத்தியாருக்கு வாத்தியார் பெயர் மாறும். இந்தக் கட்டுரையில் பொதுவாகச் 'சுவடு' என்றே சொல்கிறேன். இதனால் உண்மையில் பயன் உண்டா, அல்லது பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காகச் செய்துகொண்டிருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை. தூத்துக்குடியில் ஒரு மைதானத்தில் சாயங்காலம் பிள்ளைகள் கம்பு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வந்தது. பதினான்கு, பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பிரமாதமாகச் சுற்றினான். கம்பு கண்ணுக்கே தெரியவில்லை, காற்றைக் கிழிக்கிற சத்தம் மட்டும்தான். தனித்திறமைப் பிரிவில் நிறைய மெடல் வாங்கியவன் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். ஹார்பரில் சுமை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சின்ன வயதில் கம்பு படித்தவராம்.

"நல்லாத்தான் சுத்துத, தம்பி. ஒண்ணே ஒண்ணு பாப்பமா? நான் மெதுவாத்தான் அடிப்பேன். நீ தடுத்துக்கோ."

"சரி தாத்தா."

பெரியவர் தலைக்கு நேராக ஒரு அடி இறக்கினார். வேகமே இல்லை. பையன் கம்பைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நேராகப் பின்னால் போனான். இரண்டாவது அடி இன்னும் மெதுவாக வந்தது. கம்பு கையை விட்டு நழுவிக் கீழே விழுந்தது. மற்ற பையன்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

"ஏல, இது ஒனக்குத் தெரிஞ்சதுதான். இப்ப சுத்தினியே, அதுல மூணாவது திருப்பம் இருக்குல்லா? அத மட்டும் மெதுவா எடு."

எடுத்தான். இடது கால் பின்னால் போகவில்லை, சாய்வாக வெளியே போனது. கம்பு தலைக்கு மேலே ஏறி, நுனி தோளுக்கு வெளியே சரிந்து நின்றது. பெரியவர் அதே அடியை அதன்மேல் இறக்கினார். அடி கம்பில் பட்டு ஓட்டில் விழுந்த மழைத்தண்ணி மாதிரி சரிந்து தரைக்குப் போனது. அடுத்த அரைத் திருப்பத்தில் பையனுடைய கம்பின் மறுமுனை தானாகப் பெரியவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு வருஷமாகத் தினமும் செய்த அசைவு எதற்கென்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

பதில் அவன் உடம்பில் இருந்தது. எந்தக் கேள்விக்கான பதில் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது இதன் விரிவுதான்.

சுவடே வேண்டாம் என்பவர்கள்

இப்போது ஜிம்களில் கலப்பு முறைச் சண்டை கற்கிற இளைஞர்களிடம் பேசினால் ஒரே பதில்தான் வரும்: "அதெல்லாம் டான்ஸ் அண்ணே, சண்டைக்கு உதவாது." இந்தக் கருத்துக்குப் பெரிய முன்னோடி புரூஸ் லீ. 1971 செப்டம்பரில் 'பிளாக் பெல்ட்' பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரை மரபான கராத்தேயிலிருந்து விடுதலை பெறச் சொன்னது. முன்கூட்டியே கோர்த்து வைத்த அசைவுகளைப் பழகுவதைத் தரையில் நீச்சல் கற்பதோடு ஒப்பிட்டுக் கேலி செய்தவர் அவர்.

நல்ல உவமைதான். ஆனால் கடலில் முங்கிப் பிழைத்த ஊரில் உட்கார்ந்து யோசித்தால் அது பாதிதான் சரி என்று தோன்றுகிறது. மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. சங்கு குளிப்பது இன்றும் தொடர்கிறது. அந்தக் கால முத்துக்குளிப்பு எப்படி நடந்தது என்பதற்கு ஜேம்ஸ் ஹார்னெல் போன்றவர்களின் அறிக்கைகள் இருக்கின்றன. கயிறு கட்டிய கல்லில் கால் வைத்து இறங்க வேண்டும். அடி தொட்டதும் கல்லை விட, மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிஷத்தை ஒட்டிய நேரத்துக்குள் சிப்பிகளை அள்ளிப் பையில் போட்டு, கயிற்றை அசைத்துச் சைகை கொடுத்து மேலே வர வேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்குள் யோசித்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. எதற்குப் பின் எது என்பது உடம்புக்கே தெரிந்திருக்க வேண்டும். அதுவும் ஒரு சுவடுதான்.

ஆகவே, கோர்த்து வைத்த வரிசையே வீண் என்று சொல்ல முடியாது. மூச்சு முட்டுகிற இடத்தில் வரிசைதான் ஆளைக் காப்பாற்றும். ஆனால் முத்துக்குளிப்பவரின் வரிசையைச் சுற்றி எப்போதும் தண்ணீர் இருந்தது. கயிற்றின் மறுமுனையில் ஒரு ஆள் இருந்தார். மைதானத்துப் பையனின் வரிசையில் மறுமுனைக் கயிற்றைப் பிடிக்க ஆள் இல்லை. புரூஸ் லீ கண்ட கோளாறு உண்மை. அவர் சொன்ன வைத்தியம்தான் அதிகப்படி.

சுவடுதான் எல்லாம் என்பவர்கள்

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. "சுவடு சுத்தமா இருந்தா சண்டை தானா வரும்" என்று நம்புகிற வாத்தியார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் 'தானா வரும்' என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1979-ல் ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை, உடல் திறன் கற்றல் பற்றிப் படிக்கிறவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. சிறிய மரத் தடைகளைக் கையால் குறித்த ஒழுங்கில் வேகமாகத் தட்டிவிட வேண்டும். மொத்தம் மூன்று ஒழுங்குகள். ஒரு கூட்டம் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு கூட்டத்துக்கு மூன்றும் கலந்துகட்டி வந்தன, அடுத்து எது வரும் என்று தெரியாது. பயிற்சியின்போது முதல் கூட்டம்தான் வேகமாகச் செய்தது. பிறகு சோதித்தபோது கலந்துகட்டிப் பழகியவர்கள்தான் மேலாக நின்றார்கள்.

இதை அப்படியே சிலம்பத்தின்மேல் ஏற்றிவைக்க முடியாது. ஆய்வகத்து மரக்கட்டை திருப்பி அடிக்காது. ஆனாலும் இதில் நமக்கு ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ஒரே ஒழுங்கில் பழகும்போது நமக்கு வருகிற 'கை வந்துடுச்சு' என்ற நிறைவு நம்பத்தகுந்ததில்லை. அடுத்து என்ன என்று முன்பே தெரிந்ததால் வருகிற சரளம் அது. சண்டையில் கஷ்டமே அடுத்து என்ன என்று தெரியாததுதான். சுவடு அந்தக் கஷ்டத்தை மட்டும் கவனமாக எடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் கற்றுத்தருகிறது.

அப்போ சுவடு எதற்கு?

நான் பார்த்தவரை மூன்று உருப்படியான வேலைகள் அதற்கு உண்டு.

முதலாவது, கால். சிலம்பம் தெரியாதவர்கள் கம்பைப் பார்ப்பார்கள், தெரிந்தவர்கள் காலைப் பார்ப்பார்கள். நெற்றி உயரக் கம்பு ஒரு பக்கம் சுழலும்போது உடம்பு நிலை தடுமாறாமல் இருக்க, எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது முக்கியம். எதிரே ஆள் நின்று அடித்துக்கொண்டிருக்கும்போது இதைக் கற்றுக்கொள்ள முடியாது. பயத்தில் எல்லோரும் செய்வது அந்தப் பையன் செய்ததுதான், நேராகப் பின்னால் போவது. சாய்வாக விலகுவது இயல்பாக வராது. அதைத் தனியாக, நிதானமாக, ஆயிரம் தடவை நடந்துதான் பழக வேண்டும்.

இரண்டாவது, விளையாட்டில் அனுமதிக்க முடியாததைக் காப்பாற்றி வைப்பது. தொடுமுறைப் போட்டியில் தொட்டால் புள்ளி. பழைய ஆட்டங்களில் கம்பு நுனியில் நிறம் தோய்த்து, எதிராளி உடம்பில் எத்தனை பொட்டு விழுந்தது என்று எண்ணுவார்களாம். ஆளைக் கொல்லாமல் திறமையைக் காட்ட நல்ல வழி. ஆனால் தொண்டைக்குழிக்கு ஒரு குத்து, விழுந்தவன்மேல் ஒரு அடி, பின்னாலிருந்து வருகிறவனுக்குத் திரும்பாமலே ஒரு இடி என்பவற்றையெல்லாம் போட்டியில் பழக முடியாது, பழகவும் கூடாது. அவை வாழ்வதற்குச் சுவடு ஒன்றுதான் இடம்.

இந்த வட்டாரத்துக்கு இது சும்மா சொல்கிற விஷயமில்லை. தூத்துக்குடியிலிருந்து வடமேற்கே கொஞ்ச தூரத்தில் பாஞ்சாலங்குறிச்சி. 1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801 மே மாதம் ஊமைத்துரை மீண்டும் கட்டிய கோட்டையும் விழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கம்பெனி அரசு போட்ட பிரகடனம் பாளையக்காரர் நாட்டில் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் உத்தரவிட்டது. ஈட்டியையும் துப்பாக்கியையும் பிடுங்கிவிடலாம். மாடு மேய்க்கிறவன் கையிலிருக்கும் கம்பையும் அவன் காலுக்குத் தெரிந்த நடையையும் பிடுங்குவது கஷ்டம். சண்டை போட இடமில்லாத காலத்தில் ஒரு கலை ஒளிந்திருக்கத் தோதான இடம் கோயில் கொடையில் எடுக்கிற வரிசைதான்.

மூன்றாவது, சண்டை போட முடியாதவர்களுக்கான இடம். அறுபது வயதில் யாரும் தொடுமுறையில் இறங்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பெரியவர் அறுபதுக்கு மேலும் தன் வரிசையை வைத்திருந்தார். வைத்திருந்ததால்தான் பையனுக்குப் பதில் கிடைத்தது.

எங்கே கோளாறு நடந்தது

சுவட்டில் கோளாறு இல்லை என்றால் வேறு எங்கே? அதை நாம் மார்க் போடுகிற விதத்தில்.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. ஒகினாவாவில் இட்டோசு அங்கோ 1901-ல் கராத்தேயைத் தொடக்கப் பள்ளிக்குள் கொண்டுபோனார். பள்ளிப் பிள்ளைகளுக்காகப் 'பினான்' என்ற ஐந்து எளிய வரிசைகளை அமைத்தார். கராத்தே உலகம் முழுக்கப் பரவியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் ஒரு வாத்தியாருக்கு முன்னால் ஐம்பது பிள்ளைகள் நிற்கும்போது எண்ணிக்கை சொல்லி எல்லோரும் ஒன்றாகத் திரும்புவதுதான் நடக்கும். இந்த அசைவு எதற்கு என்று ஒவ்வொருவருக்கும் அடித்துக் காட்ட நேரம் இருக்காது. கொஞ்ச காலத்தில் வரிசை நிற்கும், அர்த்தம் உதிர்ந்துவிடும்.

நம்மூரில் அதே கட்டம் இப்போது நடக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. பெருமைதான். சான்றிதழுக்கு மதிப்பு கூடியிருக்கிறது, பெண் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள், அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போட்டி இரண்டு கிளையாகப் பிரிந்துவிட்டது. ஒரு பக்கம் ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, சுருள்வாள் என்று தனியாகச் செய்து காட்டுகிற பிரிவுகள். இன்னொரு பக்கம் தொடுமுறை. பயிற்சியும் அப்படியே பிரிந்துவிட்டது. தனித்திறமைக்குப் போகிற பிள்ளை தொடுமுறை பக்கம் வருவதில்லை. தொடுமுறைக்குப் போகிற பிள்ளை சுவடு எடுப்பதில்லை, எட்டிக் காலைத் தொட்டுவிட்டு ஓடுவதைத்தான் பழகுகிறது.

தனித்திறமையில் எது எளிதாகக் கண்ணுக்குத் தெரியும்? வேகம், தாவல், கம்பைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது. சாய்வாக விலகிய கால் யாருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வருஷமும் வீச்சு வேகமாகிறது, நிற்க வேண்டிய இடங்கள் மறைகின்றன. அந்தப் பையனின் மூன்றாவது திருப்பத்தில் தடுப்பு என்பது கம்பு ஒரு கணம் *நிற்கிற* இடம். அவன் வேகத்தில் அது நிற்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. இன்னும் இரண்டு மூன்று தலைமுறை இப்படிப் போனால், பெரியவர் மாதிரி யாராவது வந்து கேட்டாலும் பதில் அங்கே இருக்காது. அழிந்துபோனது என்றுகூட யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கம்பு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

இதற்கு உச்சம் 'உலக சாதனை' நிகழ்ச்சிகள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, மணிக்கணக்கில் நிறுத்தாமல் கம்பு சுற்றவைத்து, சட்டம் போட்ட சான்றிதழ் கொடுப்பது. பெற்றோர் ஆசைப்படுவது புரிகிறது. ஆனால் அங்கே சுவடு என்பதே கிடையாது, மணிக்கட்டு மட்டும்தான் வேலை செய்கிறது. எட்டு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டும் தோளும் அதற்கு என்ன விலை கொடுக்கும் என்று ஏற்பாடு செய்கிறவர்கள் ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம்.

என்ன செய்யலாம்

பக்கத்திலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து அடிமுறை, 2020-ல் 'பட்டாஸ்' படத்துக்குப் பிறகு பலருக்குத் தெரியவந்த கலை. அங்கேயும் தொடக்கம் சுவடுதான். நான்கு திசையிலும் திரும்பி அடித்துத் தடுத்துத் தனியாகப் பழகுகிறார்கள். ஆனால் பாடம் அங்கே முடிவதில்லை. அதே அசைவுகளை எதிரே ஆளை நிறுத்தி, அடிக்கு மறுஅடி என்று பழகுகிற கட்டம் அதற்கடுத்து வருகிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று முழுப்பாடம் ஆகாது.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ இதையே வேறு விதமாகச் சொன்னார். வரிசை இலக்கணம் மாதிரி, தடையற்ற மல்லுப் பயிற்சி கட்டுரை எழுதுவது மாதிரி என்பது அவர் ஒப்புமை. இலக்கணம் மட்டும் படித்தவனுக்கு எழுத வராது. இலக்கணமே வேண்டாம் என்கிறவன் ஓரளவுக்கு மேல் போக மாட்டான். இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஜூடோவின் வரிசைகள் பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்து செய்பவை. எதிராளி பாடத்துக்குள்ளேயே இருக்கிறார்.

போட்டிக்கும் வழி இருக்கிறது. உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி, குழு வரிசைப் பிரிவில் பதக்கச் சுற்றுக்கு வருகிறவர்கள் வரிசையைச் செய்து முடித்ததும், அதன் அசைவுகளைத் தங்களுக்குள்ளேயே அடித்துத் தடுத்து விளக்கிக் காட்ட வேண்டும். அதிலும் நாடகத்தனம் வந்துவிட்டது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. இருந்தாலும் அந்த விதி ஒன்றைக் கட்டாயமாக்குகிறது: நீ செய்வது எதற்கென்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் தனித்திறமைப் பிரிவில் இதைச் சின்ன அளவில் சேர்த்தால் என்ன? பிள்ளை தன் சுவட்டைச் செய்து முடிக்கட்டும். நடுவர் அதிலிருந்து ஏதாவது ஒரு திருப்பத்தைக் காட்டி, "இது எதுக்கு?" என்று கேட்கட்டும். துணைக்கு ஒருவர் மெதுவாக ஒரு அடி அடிக்க, பிள்ளை அதே அசைவால் பதில் சொல்லட்டும். அதற்கும் மார்க். எந்தத் திருப்பம் என்பதை நடுவர் அங்கேயே முடிவு செய்தால் மனப்பாடம் பண்ண முடியாது. இதற்குப் பணம் வேண்டாம், புதுக் கருவி வேண்டாம், ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிஷம் போதும். மார்க் வருகிறது என்று தெரிந்தால் மறுநாளே எல்லா மைதானத்திலும் கேள்வி ஆரம்பித்துவிடும். மாணவர்கள் வாத்தியாரைக் கேட்பார்கள். பதில் தெரியாத வாத்தியார் தன் வாத்தியாரைத் தேடிப் போவார். அவர் உயிரோடு இருக்கும்போதே போனால் நல்லது.

கேட்டதும் "எங்க வாத்தியார் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாரு" என்பது மட்டுமே பதிலாக வந்தால்? அந்த அசைவை அதற்காகத் தூக்கிப்போட வேண்டியதில்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, எந்த அடிக்கு இது ஒத்துவருகிறது என்று சோதித்துப் பார்க்கலாம். சிலவற்றுக்கு விடை கிடைக்கும். சில வெறும் அலங்காரம் என்று தெரியும். அலங்காரமும் இருக்கட்டும், கொடைக்கு வேணும்ல்லா? ஆனால் எது அலங்காரம், எது காப்பு என்று தெரிந்து சுற்ற வேண்டும்.

அன்றைக்கு மைதானத்தில் இருட்டிய பிறகும் அந்தப் பையன் வீட்டுக்குப் போகவில்லை. மறுபடி சுவடு எடுத்துக்கொண்டிருந்தான், ஆனால் ரொம்ப மெதுவாக. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, பெரியவரைப் பார்த்து, "இது எதுக்கு தாத்தா?" என்று கேட்டுக்கொண்டே. பாதிக்குப் பெரியவர் சொன்னார். மீதிக்கு, "நாளைக்கு வா, ரெண்டு பேருமா பாப்போம்" என்றார்.